ஒரு கம்மலுக்கு இரண்டு திருகாணி

சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பிய எங்கள் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு கம்பளியும் கொஞ்சம் மலேரியாவும் கொண்டுவந்தார்கள். என் சகலை மட்டும் ஒரு மிஷினைக் கொண்டுவந்தான். சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட இளையவன், அதிர்ந்து பேசமாட்டான், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான், குடி கிடையாது, சீட்டு கிடையாது. குறை சொல்ல ஒன்றும் இல்லாத மனிதனோடு எத்தனை காலம்தான் உறவாடுவது? எனக்கு அவனைப் பிடிக்காமல் போனதற்கு அதுவே போதுமாக இருந்தது. மிஷின் அதற்குப் பிறகு வந்தது.

நீளமான ஒரு கம்பு, அதன் நுனியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம், முதுகில் மாட்ட ஒரு கனத்த பை, காதில் கவிழ்த்துக்கொள்ள இரண்டு கறுப்புக் கிண்ணம். பர்மாப் பக்கத்தில் மண்ணுக்குள் புதைத்து வைத்த கண்ணிவெடியைக் கண்டுபிடிக்கிற சாமான் அது. இவன் அங்கே அந்த வேலைதான் பார்த்தானாம். பட்டாளம் கழித்துப்போட்டதையெல்லாம் ஏலம் விட்டபோது, மற்றவர்கள் பூட்ஸுக்கும் தகரப்பெட்டிக்கும் அடித்துக்கொள்ள, இவன் இதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ரயிலேறிவிட்டான். தரைக்குள் இரும்பு, செம்பு, பித்தளை, தங்கம் எது கிடந்தாலும் காதுக்குள் ஒரு கூவல் கேட்குமாம். ஊரில் அதற்குக் கூவுற பொட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முதலில் நான் சிரித்தேன். கடற்கரைச் சாலையில் எனக்குக் கயிறு, தார், ஆணி, பாய்த்துணி விற்கிற கடை. தோணிக்காரர்களுக்கு வேண்டியது எல்லாம் என்னிடம் கிடைக்கும். கடை வாசலில் நின்றால் மணல் தெரியும். அந்த மணலில் இவன் காதை மூடிக்கொண்டு, தட்டைத் தரையோடு தரையாக ஆட்டிக்கொண்டு, சாமி கும்பிடப் போகிறவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். வழியில் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

"பட்டாளத்துல தலையில அடிகிடி பட்டிருக்குமோ?" என்று கடைக்கு வந்த ஒருவர் கேட்டார்.

"இருக்கும் அண்ணாச்சி. வீட்டுல சொல்லிக்கிட மாட்டாங்க" என்றேன். அன்று முழுக்க எனக்கு வியாபாரம் நன்றாக நடந்ததுபோல் ஒரு நிறைவு.

அந்த நிறைவு ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. முதலில் செம்பு ஆணிகள் கிடைத்தன. எந்தக் காலத்துக் கப்பலோ உடைந்து ஒதுங்கியது. பிறகு ஒரு பித்தளை வளையம். பிறகு ஒரு நங்கூரத்தின் கொம்பு, அதைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. பிறகு பச்சை பிடித்த செப்புக்காசுகள். அவற்றில் ஒன்றில் மீன் இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, மீனும் இல்லை ஒன்றும் இல்லை, தேய்மானம் என்று நான் சொன்னேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்து, அது மீனேதான், பாண்டியன் காசு, கொற்கையில் துறைமுகம் இருந்த காலத்தது என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். துறைமுக அதிகாரி ஒருவர் காரை நிறுத்தி இறங்கி என் சகலையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எத்தனையோ வருஷமாக அந்தக் கார் என் கடையைத் தாண்டிப் போகிறது, ஒரு நாளும் நின்றதில்லை.

அதோடு விட்டானா? ஊர்க்காரர்கள் தொலைத்ததையெல்லாம் தேடித் தர ஆரம்பித்தான். மீன் ஏலம் போடுகிற இடத்தில் ஒருவர் இடுப்பிலிருந்து விழுந்த சாவிக்கொத்து, மாதா கோயில் தெருப் பெண்பிள்ளையின் கழுத்துச் சிலுவை, கலியாணத்துக்கு வந்த மதுரைக்காரரின் மோதிரம். எதற்கும் கூலி வாங்கமாட்டான். கூலி வாங்கியிருந்தால் நானும் நாலு பேரிடம் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் பண்ணினான்.

என் வயிற்றெரிச்சலின் அளவு தெரிய வேண்டுமானால் மீன் துண்டைச் சொல்ல வேண்டும். எங்கள் மாமனார் உப்பு வியாபாரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மருமக்களும் குடும்பத்தோடு அங்கேதான் சாப்பாடு. சீலா மீன் வறுத்தால் நடுத்துண்டு மூத்த மருமகனுக்கு. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை, நான் கலியாணம் பண்ணின நாளிலிருந்து என் இலைக்கு வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். செப்புக்காசு கிடைத்த வாரம் மாமியார் நடுத்துண்டை எடுத்துவந்து என்னைத் தாண்டிப் போய் அவன் இலையில் வைத்தார்.

"நாள் பூரா வெயில்ல நடக்கான். நல்லா திங்கட்டும்" என்றார் மாமனார்.

எனக்கு வால் துண்டு வந்தது. அதில் முள் அதிகம். அவன் தன் துண்டை என் பக்கம் நகர்த்தி, "அண்ணாச்சி, நீங்க எடுத்துக்கிடுங்க, எனக்கு வால்தான் புடிக்கும்" என்றான். அதை நான் வாங்கிக்கொண்டு சாப்பிட முடியுமா? வேண்டாம் என்று சொல்லிவிட்டு முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கும் நல்ல நாளாக விடிந்தது. மாமனார் ஆசையோடு, "ஏன் மாப்பிள, இது முத்தையும் கண்டுபிடிக்குமா?" என்று கேட்டார். எங்கள் கரையில் வேறு என்ன கேட்பார்கள்? அவன் தலையை ஆட்டி, "முத்து கூவாது மாமா. கண்ணிவெடி, காசு, ஆணி இதுதான் கூவும்" என்றான். முத்துக்குப் பேர்போன ஊரில் முத்துக்கு ஊமையாக நிற்கிற மிஷின்! நான் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒரு சாயங்காலம் வெட்கத்தை விட்டு அவனிடம் கேட்டு நானும் அதை மாட்டிப் பார்த்தேன். காதில் ஒரே ரீங்காரம். தண்ணீர் ஓரமாகப் போனேன், அது கூவியது. தோண்டினேன். இன்னும் கூவியது. முழங்கால் ஆழம் தோண்டினேன், உப்புத் தண்ணீர் ஊறியது. மேலும் தோண்டினதில் இரண்டு பக்கமும் மணல் சரிந்து நான் குழிக்குள் உட்கார்ந்துவிட்டேன். அவன் ஓடிவந்து கைகொடுத்துத் தூக்கினான்.

"ஈர மணல்ல அது சும்மாவே கத்தும் அண்ணாச்சி. உப்பு இருக்குல்லா? காஞ்ச மணல்லதான் பாக்கணும். அதுவும் வாடைக்காத்து அடிச்சு ஓஞ்ச பெறவு, கடல் மேல்மணல வாரிக்கிட்டுப் போயிருக்கும், அப்பம் பாத்தா நல்லா கெடைக்கும். நீங்க வேகமா வேற போறிய. மெல்ல, மெல்ல. தட்டு தரையத் தொடாம, தரைய விட்டு ஒசராம போணும்."

இதையெல்லாம் குழியில் விழுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்குக் கிடைத்தது ஒரு மத்தி மீன் டப்பா.

அடுத்த தை மாதத்தில் ஒரு புதுத் தோணியைக் கடலில் இறக்கினார்கள். அதற்கு ஆணியும் கயிறும் தாரும் என் கடையிலிருந்து போனதால் குடும்பத்தோடு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தோணி கட்டுகிற இடத்து மணலில் பெண்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். தேங்காய் உடைத்து, உருளைக்கட்டை வைத்து, ஊரே ஏலேலோ போட்டு இழுத்தது. என் மனைவியும் எழுந்து நின்று, மகனை இடுப்பில் தூக்கிக் காட்டினாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தபோது வலது காது வெறுங்காதாக இருந்தது.

அது சிவப்புக்கல் கம்மல். அவள் உடம்பில் கிடந்த தங்கத்தில் அது ஒன்றுதான் நான் போட்டது. சங்கிலி, வளையல், மோதிரம் எல்லாம் அவள் அப்பா போட்டது, எடைக்கு எடை நாலு பேர் பார்க்கப் போட்டது. கலியாணத்துக்கு முன்னால், கடை ஆரம்பித்த புதிதில், ஆசாரியிடம் பல தடவை நடந்து, கல்லை நானே பொறுக்கிக் கொடுத்துச் செய்த கம்மல். மாமனார் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது அவள் காதைத்தான். என் பங்கு இதோ இருக்கிறது என்று அது எனக்குச் சொல்லும்.

அவள் இடது காதிலிருந்ததையும் கழற்றி வைத்துவிட்டு, துளை தூர்ந்துபோகாமல் இருக்க இரண்டு காதிலும் ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டாள். கழுத்து நிறைய அப்பா வீட்டுத் தங்கம், காதில் விளக்குமாற்றுக் குச்சி. அந்தக் கோலத்தில்தான் அவளை அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் போனேன்.

மாமியார் பதறிப்போய், "என் கம்மல் ஒரு சோடி சும்மாதான் கெடக்கு, போட்டுக்கிடு" என்றார். நான் வேண்டாம் என்றேன். மாமனார் ஆசாரியைக் கூப்பிட்டுப் புதிதாகச் செய்யலாம் என்றார். அதற்கும் வேண்டாம் என்றேன். அப்போது அவன், எங்கே பார்ப்பது என்று தெரியாதவன்போல இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அண்ணாச்சி, நான் வேணும்னா ஒரு நட பாத்துட்டு வரட்டா?"

இதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். என் மனைவி காதுக்கு நான் போட்டதை இவன் மணலிலிருந்து எடுத்து, கூலி வேண்டாம் என்று சொல்லி, இந்த வீட்டில் எல்லோர் முன்னாலும் நீட்டுவான். அதற்குப் பிறகு அந்தக் கம்மலைப் பார்க்கும்போதெல்லாம் யார் ஞாபகம் வரும்?

"வேண்டாம்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "எம் பொண்டாட்டி காதுல கெடந்தத நான் எடுத்துக்கிடுதேன். வேற ஒருத்தரும் அதுல கை வைக்கப்பிடாது. அங்கன உம் மிஷினும் பலிக்காது. தோணி கட்டுத எடம், அடிக்கு அடி ஆணி. எல்லாம் எங் கடை ஆணி. ஒன்னோட காது செவிடாப் போவும்."

என் மனைவி குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் மட்டும், "சரி அண்ணாச்சி" என்றான்.

மறுநாளிலிருந்து கடையை நேரத்தோடு சாத்திவிட்டுத் தோணித் துறைக்குப் போனேன். சிப்பியை அழுக வைத்து முத்து அரிக்கிறவர்களிடம் ஒரு நல்ல சல்லடை இரவல் வாங்கினேன். என் கடைக் கயிற்றையே கட்டி, பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒரு பட்டை. மணலை அள்ளிக் கொட்டுவது, ஆட்டுவது, மிச்சத்தைப் பார்ப்பது. சிப்பித் துண்டு, கரித்துண்டு, சுருட்டு அடி, மறுபடியும் சிப்பித் துண்டு. கண்ணில் மணல் விழும், இடுப்பு ஒடியும். தோணி கட்டுகிற ஓடாவிகள் வேலை முடிந்து போகிறபோது, "என்ன அண்ணாச்சி, இன்னும் ஆம்புடலியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஒருவன், "உங்க சகலையத்தான் கேளுங்களேன்" என்றான். அவனுக்கு அந்த மாதம் கடையில் கடன் கிடையாது என்று மனசுக்குள் தீர்மானித்தேன்.

சாயங்காலங்களில் என் சகலையைக் கரைப்பக்கம் காணவில்லை. எனக்குப் பயந்துவிட்டான் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இடுப்பு வலிக்கு எண்ணெய் தடவினதுபோல் இதமாக இருந்தது.

வீட்டில் என் மனைவி ஒரு நாளும் கிடைத்ததா என்று கேட்கவில்லை. நான் உள்ளே நுழையும்போது என் கையைப் பார்ப்பாள், பிறகு கால் கழுவத் தண்ணீர் எடுத்து வைப்பாள். ஒரு நாள் மட்டும், "தம்பிய ஒரு தடவ பாக்கச் சொன்னா என்ன?" என்றாள். அவள் அவனைத் தம்பி என்றுதான் சொல்லுவாள்.

"ஏளா, ஒனக்கு கம்மல் வேணுமா, தம்பி வேணுமா?" என்று கேட்டேன். என்ன கேள்வி அது என்று எனக்கே புரியவில்லை. அவள் காதிலிருந்த குச்சியைச் சரிசெய்துகொண்டாள்.

மாசி பிறந்து கொஞ்ச நாளில் அது கிடைத்தது. கடைசிப் பட்டைக்கு முந்தின பட்டை. ஒரு சாண் ஆழம்கூட இல்லை. சல்லடையை இரண்டு ஆட்டு ஆட்டினேன், சிப்பிகளுக்கு நடுவில் சிவப்பாக ஒன்று கண்ணைச் சிமிட்டியது. என் கல். ஆறு பக்கமும் தங்கப்பூ. நான் போட்ட கூச்சலில் ஓடாவிகள் உளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். மணலில் முழங்காலிட்டு உட்கார்ந்து அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அழுதேன் என்றும் சொல்லுவார்கள், மணல் விழுந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் விட்டேனா? மாமனார் வீட்டில் இலை போட்டதும் ஆரம்பித்தேன். மிஷின் என்பது காதால் தேடுவது, மனிதன் கண்ணால் தேடுகிறவன் என்றேன். கயிறு கட்டிப் பிரித்ததைச் சொன்னேன், சல்லடைக் கண்ணின் அளவைச் சொன்னேன், காற்று எந்தப் பக்கம் மணலைத் தள்ளும் என்று கணக்குப் போட்டதைச் சொன்னேன். கணக்கு எதுவும் போடவில்லை, சொல்லும்போது போட்டதாகவே இருந்தது. நடுத்துண்டு என் இலைக்குத் திரும்பி வந்தது. என் சகலை சாப்பிடாமல் கையை வைத்துக்கொண்டு கேட்டான். "அடேயப்பா! நம்மால முடியாது அண்ணாச்சி. பொறுமை வேணும்லா?" என்றான். அவன் முகத்தில் ஏதாவது பொறாமை தெரிகிறதா என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கொஞ்சம் இருந்திருந்தால் மீன் இன்னும் ருசியாக இருந்திருக்கும்.

என் மனைவி அன்றைக்குக் கம்மலைப் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் போடுவேன் என்று எடுத்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் ஈரத்தலையோடு கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள். நான் கடைக்குப் புறப்படாமல் பார்ப்பதற்காகவே நின்றேன்.

அவள் மணலில் கிடைத்த கம்மலின் பின்னாலிருந்த திருகாணியைக் கழற்றினாள். காதுக்குப் பின்னால் முடுக்குகிறோமே, அந்தத் திருகாணி. கழற்றினவள் போடவில்லை. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குங்குமச்சிமிழைத் திறந்து அடியிலிருந்து இன்னொரு திருகாணியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னது?" என்றேன்.

"எந் திருகாணி. தோணி எறக்குன அன்னைக்குச் சேலைய ஒதறும்போது மடியிலேருந்து விழுந்துச்சு. திருகாணி லூசாகித்தானே கம்மல் விழுந்துச்சு? எடுத்து வச்சிருந்தேன்."

"அப்பம் இது?"

அவள் புதுத் திருகாணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எந் தங்கச்சியோடதா இருக்கும்" என்றாள் கடைசியில். "திருகாணி இல்லாம ஒரு கம்மலக் கையில எடுத்துக் குடுக்க அவளுக்கு மனசு வராது. எனக்கும்தான் வராது. மணலுக்குள்ள போடுதோம்ங்கத மறந்துபோயி முடுக்கி விட்டிருக்கா."

விளங்குவதற்கு நேரம் பிடிக்கவில்லை. மணலில் தொலைந்த கம்மலுக்குத் திருகாணி கிடையாது. நான் கண்டெடுத்த கம்மலுக்குத் திருகாணி இருந்தது. யாரோ அதை முன்னாலேயே எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய், பொம்பிளை கையில் கொடுத்து, அவள் கழுவித் துடைத்து முடுக்கி, பிறகு கொண்டுவந்து, நான் மறுநாள் அரிக்கப் போகிற பட்டையில் ஒரு சாண் ஆழத்தில் வைத்திருக்கிறார்கள். கயிறு கட்டி நானே வழி காட்டியிருந்தேன்.

"ஞாயித்துக்கெழம நான் பேசிக்கிட்டு இருக்கும்போது ஒனக்குத் தெரியுமா?"

"அப்பம் தெரியாது. இப்பம்தானே கழத்துதேன்" என்றாள். பழைய திருகாணியைப் போட்டு முடுக்கினாள். புதியதை ஒரு துணியில் முடிந்து தங்கச்சியிடம் கொடுக்க எடுத்துவைத்தாள்.

கடைக்குப் போகாமல் தோணித் துறைக்குப் போனேன். தவறாக இருக்கலாம், திருகாணிக்கு வேறு காரணம் இருக்கலாம் என்று ஒரு ஆசை. அடுத்த தோணிக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்த பெரிய ஓடாவி என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"அண்ணாச்சி, உங்க சகலைக்கு நாங்க ஒரு கும்புடு போடணும். நீங்க சாயங்காலம் வந்துட்டுப் போவிய, அவுக உச்சி வெயில்ல வருவாக. தலையில துண்டப் போட்டுக்கிட்டு ஒத்த ஒத்த ஆணியாப் பெறக்கிட்டாக. எத்தன வருசத்து ஆணி! எதுக்குவே இதுன்னு கேட்டேன். ஆணிய எடுத்தாத்தான் வேற சத்தம் கேக்கும், இல்லேன்னா எல்லாத்தையும் அது முழுங்கிரும்னு சொன்னாக. இப்பம் எங்க பயலுவ இங்கன வெறுங்காலோட நடக்கானுவ."

கொட்டகை ஓரத்தில் ஒரு பனையோலைக் கடகம் நிறையத் துருப்பிடித்த ஆணி இருந்தது. கையை விட்டுப் பார்த்தேன். என் கடை ஆணிதான், தலையில் அதே வெட்டு. மிஷின் பலிக்காது என்று எதைச் சொல்லி அவன் வாயை அடைத்தேனோ அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கடகத்தில் போட்டிருக்கிறான்.

அப்போது எனக்கு வந்தது நன்றி என்று எழுதினால் நன்றாக இருக்கும். வந்தது ஆத்திரம். நல்ல மனுஷன் என்று ஊரெல்லாம் சொல்லுகிறார்களே, அது மிஷினால் வந்த பெயர் என்றுதான் நான் இத்தனை நாளும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மிஷின் என் கையில் இருந்தால் நானும் எடுப்பேன் என்று. உச்சி வெயிலில் குனிந்து, வேறொருவன் பெண்டாட்டியின் கம்மலுக்காக, தன்னைத் திட்டினவனுக்காக, ஆணி பொறுக்க எனக்கு முடியுமா? எடுத்ததைக் காட்டாமல் திரும்பப் புதைக்க முடியுமா? எனக்குச் செப்புக்காசு ஒன்று கிடைத்திருந்தால் தெருத்தெருவாகக் காட்டியிருப்பேன். அவனிடம் பொறாமைப்படுவதற்கு இத்தனை நாள் தப்பான சாமானைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அதில் கொஞ்சம் கணக்கும் இருந்தது. ஒருவன் எல்லோர் முன்னாலும் தன் பெருமையைத் தானே இறக்கி வைத்தால் அதுவும் பெரிய மனுஷத்தனம்தான். அந்த விஷயத்திலாவது அவனுக்குச் சமமாக நிற்கலாம்.

அன்றைக்கு ஓட்டப்பிடாரத்திலிருந்து மாமனாரின் அண்ணன் வந்திருந்தார். ஊருக்கெல்லாம் பஞ்சாயத்துப் பேசுகிற மனிதர். இலை போட்டு உட்கார்ந்ததும் நான் வாயைத் திறப்பதற்குள் என் சகலை முந்திக்கொண்டான்.

"பெரிய மாமா, அண்ணாச்சி கம்மல் எடுத்த கதையக் கேட்டியளா? கேளுங்க. சொல்லுங்க அண்ணாச்சி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி இரண்டு காதிலும் சிவப்புக்கல் மின்ன, சோற்றுப் பாத்திரத்தோடு நின்றாள். அவள் தங்கை கதவோரத்தில் நின்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"அத எடுத்தது நான் இல்ல."

பெரியவர் புருவத்தைத் தூக்கினார். நான் என் சகலையின் பக்கம் கையை நீட்டி, "இவன்தான் எடுத்தான். எடுத்து எனக்காக மறுபடியும்…" என்று ஆரம்பித்தேன்.

அவன் கடகடவென்று சிரித்தான். அதிர்ந்து பேசாதவன் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"பாத்தியளா பெரிய மாமா? இப்படித்தான். போன வாரம் ஏதோ ஒரு சந்தோசத்துல சொல்லிப்புட்டாக. இப்பம் நம்ம மனசு சங்கடப்படக் கூடாதுன்னு எந் தலையில தூக்கி வைக்காக. அங்கன எம் மிஷின் பலிக்காதுன்னு அண்ணாச்சியே சொன்னாகளே, மாமாவுக்குத் தெரியும்லா?"

"ஆமா, சொன்னான்" என்றார் மாமனார். "அடிக்கு அடி ஆணின்னு சொன்னான்."

"அதான்" என்றான் அவன். "அண்ணாச்சிக்கு அடக்கம் ஜாஸ்தி."

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கெடச்சத நமக்குன்னு சொல்லாத மனுசன இந்தக் காலத்துல எங்க பாக்கோம்?" என்று என் முதுகில் தட்டினார். இல்லை, நிஜமாகவே என்று நான் சொல்லச் சொல்ல, எல்லோரும் இன்னும் அதிகமாகத் தலையை ஆட்டினார்கள். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்லுகிற பெருமை ஒன்றுதான் எனக்கு மிச்சம் இருந்தது, அதையும் அவன் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, எனக்கு இல்லாத ஒன்றை என் இலையில் பரிமாறிவிட்டான். வேண்டாம் என்று சொல்லவும் வழி இல்லை.

என் மனைவிக்கு நடந்தது எல்லாம் தெரியும். அவள் சோற்றுப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, குனிந்து சாப்பிட ஆரம்பித்துவிட்ட தன் தங்கை புருஷனைப் பார்த்தாள். இப்படி ஒரு மனுஷன் உண்டா என்று வியந்து போய்ப் பார்க்கிற பார்வை அது. நான் அந்தக் கம்மலை முதன்முதலாக அவள் காதில் போட்ட அன்றைக்குக்கூட என்னை அவள் அப்படிப் பார்க்கவில்லை.